சட்டை உரிக்கும் புழு

பாம்பு சட்டை உரித்த பிறகும் பாம்பாகவே இருக்கும். சிஸ்டோசோமா மான்சோனி என்ற இரத்தத் தட்டைப்புழு அப்படியல்ல. தோலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அது வாழும் இடமும் வாழும் விதமும் மாறிவிடுகின்றன.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து தொடங்குவோம். இந்தப் புழு தொற்றிய நோயாளியின் மலத்தோடு வந்த முட்டை நன்னீரில் வெடித்ததும் மிராசிடியம் என்னும் இளம்புழு வெளிவருகிறது. அதன் மேனியில் ஏறத்தாழ 20 தகடுகள். தகடு முழுதும் நீந்த உதவும் நுண்மயிர்கள். ஒரு நாளுக்குள் உரிய நத்தை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். கிடைத்தால், உள்ளே போனதும் தகடுகளை உதிர்த்துவிடும். இந்தப் பருவத்தில் அதற்கு வாய் கிடையாது. நுண்ணிய விரல்கள் போன்ற நீட்சிகள் நிறைந்த புதுத் தோலாலேயே நத்தையின் சத்தை உறிஞ்சுகிறது.

சில வாரங்களில், பிளவுபட்ட வாலோடு செர்காரியா என்னும் அடுத்த பருவப் புழுக்கள் நத்தையிலிருந்து ஆயிரக்கணக்கில் ஏரியில் இறங்குகின்றன. சர்க்கரைப் பொருள்கள் நிறைந்த போர்வை ஒன்று தண்ணீரில் அவற்றைக் காக்கிறது. துணி துவைப்பவர் கையோ, குளிக்கும் குழந்தையின் காலோ பட்டால் சில நிமிடங்களில் துளைத்து நுழைந்துவிடும், வால் கழன்றுவிடும். தண்ணீரில் காத்த அதே போர்வை உடம்புக்குள் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும். அதனால் அதையும் களைந்துவிட்டு, சுமார் 3 மணி நேரத்தில் இரட்டைப் படலம் கொண்ட தோலைப் பூணுகின்றன.

நுரையீரல் வழியாகக் கல்லீரல் சேர்ந்து, அங்கே வளர்ந்து, ஆணும் பெண்ணும் இணைந்தபின் புழுக்கள் குடல் சிரைகளில் குடியேறுகின்றன. ஒரு சென்டிமீட்டர் நீள ஆண்புழுவை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் முதுகெங்கும் புடைப்புகள், புடைப்பெங்கும் முட்கள், இடையிடையே குழிகளும் மடிப்புகளும். இந்தத் தோலில் செல்லுக்குச் செல் எல்லை இல்லை. உடம்பு முழுதும் ஒரே விரிப்பு. உட்கருக்கள் தசைக்குக் கீழே இருக்கின்றன. தேயும் படலத்துக்கு மாற்று அங்கிருந்தே ஓயாமல் மேலே வருகிறது.

1960-களின் இறுதியில் ஸ்மிதர்ஸ், டெர்ரி என்ற ஆய்வாளர்கள் எலியில் வளர்ந்த புழுக்களைக் குரங்குகளுக்கு மாற்றினார்கள். சாதாரணக் குரங்கில் அவை பிழைத்தன. எலியின் இரத்த அணுக்களுக்கு எதிராக முன்பே நோயெதிர்ப்பு ஊட்டப்பட்ட குரங்கில் அழிந்தன. எலியின் பொருள்களைப் புழு தன் தோல்மேல் பூசியிருந்தது அதனால் புலனாயிற்று. மனிதனிடம் வந்தால் நம் இரத்தப் பிரிவுப் பொருள்களைப் பூசிக்கொள்கிறது. நம் உடம்புக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் அது இரத்தத்தில் வாழ இதுவும் ஒரு காரணம்.

1970-களில் உருவான பிராசிகுவாண்டல் மருந்து இந்தத் தோலைத்தான் சிதைக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்து புழு சுருங்குகிறது. தோல் கொப்பளித்துக் கிழிகிறது. மறைந்திருந்தது வெளிப்பட்டதும் நோயெதிர்ப்பு அதைத் தாக்குகிறது. வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை.

ஆனால் மாத்திரை மறுதொற்றைத் தடுக்காது. அடுத்த நாளே குழந்தை அதே ஏரியில் இறங்கும். மலம் ஏரியில் கலக்காத கரையில் மட்டுமே இந்தப் புழுவின் பயணம் தொடங்காமல் நிற்கும். மாத்திரை போகும் ஊருக்கெல்லாம் கழிவறையும் போய்ச் சேர வேண்டும்.