டயாலிசிஸும் இதயமும்: ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தேடிய ஐம்பது ஆண்டுகள்

1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த போயிங் ஆலைத் தொழிலாளி ஒருவரின் கையில் டயாலிசிஸுக்காக டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். டயாலிசிஸ் அப்போது புதிதல்ல. நெதர்லாந்தின் காம்பன் ஊரில், போர்க்காலத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, வில்லெம் கோல்ஃப் 1943லேயே செலோஃபேன் சுற்றிய உருளையால் இரத்தத்தைச் சுத்திகரித்துக் காட்டியிருந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் இரத்தக்குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்ததால் சிகிச்சையை நெடுநாள் தொடர முடியவில்லை. கையிலேயே நிலைத்த குழாய் அந்தத் தடையை நீக்கியது. சியாட்டில் தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்து, 1971இல் மாரடைப்பால் இறந்தார்.

சிறுநீரக நோயாளிக்கு மாரடைப்பு ஏன்? ஸ்க்ரிப்னர் குழுவினர் 1974இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியை மருத்துவ உலகின் முன் வைத்தது. நீண்டகாலம் டயாலிசிஸ் செய்துகொண்ட 39 பேரை ஆராய்ந்த அவர்கள், தமனித் தடிப்பு வழக்கத்தைவிட விரைவாக முற்றுவதாக எழுதினார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றை மட்டும் வைத்து இதை முழுமையாக விளக்க முடியவில்லை.

விடையின் ஒரு பகுதி இயந்திரத்திலேயே இருந்தது. சிகிச்சை தொடங்கிய சில நிமிடங்களில் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் சடசடவெனக் குறைவதை 1968லேயே கவனித்திருந்தார்கள். அவை எங்கே போகின்றன? நுரையீரல் நாளங்களில் திரண்டு ஒட்டிக்கொள்கின்றன என்று 1977இல் மின்னசோட்டா ஆய்வாளர்கள் காட்டினார்கள். செலோஃபேன் சவ்வைத் தொட்டதும் இரத்தத்தின் தற்காப்புப் புரதங்கள் விழித்துக்கொண்டு வெள்ளையணுக்களைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட அணுக்கள், கிருமியைக் கொல்லச் சுரக்கும் சூப்பராக்சைடையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கிருமியே இல்லாத இடத்தில் கொட்டுகின்றன. தாக்குவதற்குக் கிருமி இல்லாதபோது, நோயாளியின் சொந்தக் கொழுப்பும் புரதமுமே அவற்றுக்கு இலக்காகின்றன. இந்தத் தாக்குதலைத் தடுக்கும் வைட்டமின் சி நீரில் கரைவதால், கழிவுகளோடு சேர்ந்து சவ்வின் வழியே வெளியேறிவிடுவதால் காப்பும் குறைகிறது. தாக்குதல் கூடிக் காப்பு தளரும் இந்த நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். 1985இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் சீஸ் பதிப்பித்த நூல் அந்தப் பெயரை நிலைநிறுத்தியது.

இயந்திரத்தை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. 1996இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனை ஆய்வாளர்கள், ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்த புரதங்களை நோயாளிகளின் இரத்தத்தில் அளந்தார்கள். டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவர்களிடமும் அவை மிகுந்திருந்தன. இரத்த டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் மிக அதிகமாக இருந்தன. நோய் மூட்டியதைச் சிகிச்சை வளர்க்கிறது என்று இந்த அளவீட்டைப் படிப்பதே சரி.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளை மாத்திரையாகக் கொடுத்தால் போதாதா? 2000இல் இஸ்ரேலில் இதய நோயும் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த சோதனை பெரும் நம்பிக்கை தந்தது. வைட்டமின் ஈ எடுத்தவர்களில் 16 விழுக்காட்டினரும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 33 விழுக்காட்டினரும் இதய, இரத்தநாளப் பாதிப்புகளுக்கு ஆளாயினர். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 2014இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் வைட்டமின் ஈ வகைகளையும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மற்றொரு பொருளான லிபோயிக் அமிலத்தையும் ஆறு மாதம் கொடுத்தும் அழற்சியின், ஆக்சிஜனேற்றத்தின் அளவுகோல்கள் அசையவில்லை.

சிகிச்சை முறையைத் திருத்திய வழியில்தான் முன்னேற்றம் வந்தது. செலோஃபேன் போன்ற பழைய செல்லுலோஸ் சவ்வின் இடத்தைப் பாலிசல்ஃபோன் போன்ற செயற்கைச் சவ்வுகள் பிடித்தன. ஜப்பானில் வைட்டமின் ஈ பூசிய சவ்வும் வந்தது. டயாலிசிஸ் நீரிலிருந்து பாக்டீரிய நச்சுகளை நீக்குவதில் கண்டிப்பு கூடியது. 2023இல் வெளிவந்த ஐரோப்பியச் சோதனையில், 1360 பேரில் உயர் அளவு ஹீமோடயாஃபில்ட்ரேஷன் (டயாலிசிஸோடு பெருமளவு நீரையும் வடிகட்டி நீக்கும் முறை) பெற்றவர்களின் இறப்பு 17.3 விழுக்காடு, வழக்கமான உயர்திறன் டயாலிசிஸ் பெற்றவர்களின் இறப்பு 21.9 விழுக்காடு. ஆக்சிஜனேற்றம் குறைந்ததுதான் இதற்குக் காரணம் என்று அந்தச் சோதனை நிறுவவில்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் வைட்டமின் மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்த உடலில் வைட்டமின் சி அளவு மீறினால் ஆக்சலேட்டாக மாறி உறுப்புகளில் படியும். மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.