மூன்று நாடு பார்த்த இயந்திரம்

ரேயோன் உடுப்பு ஒண்டாவது எங்கட அலுமாரிகளில் இருக்கும். பட்டுப்போல வழுக்கும், விலையும் குறைவு. மரக்கூழைக் கரைத்துத்தான் அந்த நூலை இழுக்கிறார்கள். அந்த வேலைக்குக் காபன் இருசல்பைட்டு எண்ட திரவம் வேணும். அது சும்மா அறை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். மூச்சோட உள்ளே போகும், தோலுக்குள்ளாலயும் போகும். நரம்பு, மூளை, இரத்தக்குழாய் எண்டு ஒவ்வொண்டாகப் பழுதாக்கும்.

1856இலேயே ஒகுஸ்த் டெல்பெஷ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். பாரிஸின் இறப்பர்ப் பட்டறைகளில் இந்தத் திரவத்தோட வேலை செய்தவர்களுக்குத் தலையிடி, கைகால் தளர்ச்சி, மனக்குழப்பம் வந்ததை அவர் நேரில் பார்த்திருந்தார்.

நூறு வருசம் கழித்து, 1960களில், ஜப்பானின் டோயோ ரேயோன் நிறுவனம் பாவித்த பழைய இயந்திரங்கள் தென் கொரியாவுக்கு விற்கப்பட்டன. ஜப்பானிய ரேயோன் ஆலைகளில் இந்த நோய் அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. அந்த இயந்திரங்களோட சியோலுக்குப் பக்கத்தில் ஓடிய ஆலைதான் பிறகு வொன்ஜின் ரேயோன் எண்டு பெயர் பெற்றது. காற்றோட்டம் சரியில்லாத அறைகளில் நூல் நூற்றவர்களுக்குப் பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, மனநோய் எல்லாம் வந்தன. இராணுவ ஆட்சிக் காலத்தில் இதைப் பற்றி வாய் திறப்பது லேசான விசயமில்லை.

1987இல் கொரிய மக்கள் தெருவில் இறங்கி ஜனநாயகத்தை வென்றார்கள். அடுத்த வருசமே வொன்ஜின் கதை பத்திரிகைகளில் வந்தது. 1991இல் ஒரு தொழிலாளி இறந்தபோது, அதைத் தொழில்நோய் எண்டு ஏற்கச் சொல்லி, குடும்பமும் தோழர்களும் 137 நாள் உடலைப் புதைக்காமல் போராடினார்கள். 1993இல் ஆலை மூடப்பட்டது. காலப்போக்கில் 900க்கு மேற்பட்டவர்கள் தொழில்நோயாளர்களாக ஏற்கப்பட்டார்கள். போராடிப் பெற்ற நிதியில் அவர்கள் வைத்தியசாலையும் கட்டினார்கள்.

டெல்பெஷ் எழுதியது நூலகத்தில் இருந்ததால் மட்டும் வொன்ஜினில் ஒருத்தரும் தப்பவில்லை. சங்கம் வேண்டியிருந்தது, எழுதத் துணிந்த பத்திரிகை வேண்டியிருந்தது, புதைக்க மறுத்த ஒரு குடும்பமும் வேண்டியிருந்தது.

அந்த இயந்திரங்களுக்கு என்ன நடந்தது? பழைய இரும்புக்குப் போகவில்லை. சீனாவின் டான்டொங் நகரத்து ஆலை ஒண்டுக்கு விற்கப்பட்டன. அங்கே சுதந்திரமான தொழிற்சங்கம் வைக்க அனுமதி இல்லை.