மின்வாகன விரைவு மின்னேற்றம்

மின்வாகன பேட்டரிக்குள் டிசி மின்சாரத்தை நேராகச் செலுத்தி, அதன் பெரும்பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் நிரப்பும் முறை. வீட்டு ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி காருக்குள் இருக்கிறது. எடையும் இடமும் கருதி அதைச் சிறியதாகவே வைக்கிறார்கள். விரைவு சார்ஜரில் அந்த வேலையைச் சாலையோரப் பெட்டி செய்கிறது. வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

டோக்கியோ மின் நிறுவனமான டெப்கோவும் நிசான், மிட்சுபிஷி முதலிய கார் நிறுவனங்களும் சேர்ந்து 2010 மார்ச்சில் சாடெமோ என்ற விரைவு மின்னேற்றத் தரத்துக்கான சங்கத்தைத் தொடங்கின. அவ்வாண்டு டிசம்பரில் வந்த நிசான் லீஃபின் 24 கிலோவாட்-மணி பேட்டரியை, 50 கிலோவாட் சாடெமோ சார்ஜர் சுமார் அரை மணியில் 80 விழுக்காடு நிரப்பியது. கேபிள் முனையிலுள்ள இணைப்பியான கன்னைக் காரில் செருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடாது. காரும் சார்ஜரும் முதலில் தகவல் பரிமாறிக்கொள்ளும், கன் பூட்டிக்கொள்ளும், மின்கசிவுச் சோதனை நடக்கும், அதன்பிறகே காருக்குள் காண்டாக்டர் என்னும் மின்சுவிட்ச் ‘டக்’கென்று மூடும். எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதைக் கடைசிவரை கார்தான் சொல்லும்.

முதலில் வந்தும் சாடெமோ உலகத் தரமாகவில்லை. ஜெர்மன், அமெரிக்க நிறுவனங்கள் 2012இல் சிசிஎஸ் தரத்தை முன்வைத்தன. அதே ஆண்டு டெஸ்லா தனக்கென சூப்பர்சார்ஜர் நிலையங்களைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் சிசிஎஸ்ஸின் ஐரோப்பிய வடிவமான சிசிஎஸ்-2 பக்கம் சாய்ந்தது. 2020இல் அறிமுகமான அரியா காருக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிசானே சிசிஎஸ் வைத்தது. அமெரிக்காவில் அதுவும் நிலைக்கவில்லை. 2022 நவம்பரில் டெஸ்லா தன் கன் வடிவத்தைப் பொதுவில் வைக்க, மறு ஆண்டே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதற்கு மாறுவதாக அறிவித்தன. நல்ல நிலையங்கள் யாரிடம் நிறைய இருந்தனவோ அவர்கள் கன்னே வென்றது எனலாம்.

இந்தியா 2017இல் 15 கிலோவாட் ‘பாரத் டிசி-001’ தரத்தோடு தொடங்கியது. பெரிய பேட்டரிகள் வந்ததும் அது போதாமல் கார்கள் சிசிஎஸ்-2க்கு நகர்ந்தன. இலகு மின்வாகனங்களுக்கு, ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் உருவாக்கிய கன்னை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் தரமாக ஏற்றது.

விளம்பரங்கள் சொல்லும் உச்ச கிலோவாட் சில நிமிடங்களே நீடிக்கும். லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய அவகாசம் தேவை. அவசரப்படுத்தினால், அதிலும் குளிரில், அவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். கொள்ளளவு குறையும், உள்ளே ஷார்ட் சர்க்யூட் ஆகும் அபாயமும் உண்டு. அதனால்தான் 80 விழுக்காட்டை நெருங்கும்போது கார் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 10இலிருந்து 80 விழுக்காட்டுக்கு எத்தனை நிமிடம் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

கேபிள் சூடு வேறு சிக்கல். போர்ஷே டைகான் 2019இல் 800 வோல்ட்டுக்குப் போனது இதற்காகத்தான்: வோல்ட் இரட்டித்தால், அதே திறனுக்கு ஆம்பியர் பாதி, கேபிளில் சூடு கால் பங்கு. சீனாவின் பிஒய்டி 2025 மார்ச்சில் 1,000 கிலோவாட் முறையை அறிவித்து, 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டர் ஓட்டத்துக்கான மின்சாரம் ஏறும் என்றது. இவ்வளவு திறனுக்கு உயரழுத்த இணைப்பும் தனி டிரான்ஸ்பார்மரும் வேண்டும். கார் வராத நேரத்திலும் அவற்றின் செலவு ஓடும். ஆகவே சில நிலையங்கள் பெரிய பேட்டரி ஒன்றில் மின்சாரத்தை மெல்லச் சேமித்து, கார் வந்ததும் வேகமாக இறக்குகின்றன.