பகடையும் பொம்மைப் படையும்

திருவனந்தபுரத்தில் பங்குனித் திருவிழாவின்போது பத்மநாப சுவாமி கோயிலின் கிழக்கு நடைக்குச் சென்றவர்கள் அங்கே காணும் ஒரு காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். பஞ்ச பாண்டவர்களின் பேருருவங்கள் அங்கே வரிசையாக நிறுத்தப்படுகின்றன. அண்ணாந்து நோக்கினாலன்றி அவர்களுடைய முகம் தெரியாது. அவ்வுருவங்களின் முன்னே, வண்ணக் கேடயமும் கோலும் ஏந்திய வீரர்கள் வாத்திய முழக்கத்துக்கு இசைய அடிவைத்து ஆடுவது மரபு. வேலகளி என்பது அதன் பெயர். ஆடுவோர் கௌரவர் படை; முடிவில் பாண்டவர்களுக்குத் தோற்று ஓடுவதே ஆட்டத்தின் முறை.

நேயர்களே, இதனை ஒரு மாபெரும் பொம்மைப் போர் என்று சொன்னால் பிழையாகாது. குருதி சிந்தாத போர் இது. ஊரார் கூடிக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்பும் போர். ஆனால் அங்கே நிற்கும் ஐவரும் போர்க்களத்துக்கு வருமுன் எங்கே அமர்ந்திருந்தார்கள்? பகடை உருண்ட சூதாட்ட மண்டபத்தில் அன்றோ! பாரதக் கதையில் பகடை முந்தியது, படை பிந்தியது. விளையாட்டிலும் இவ்விரண்டும் நெடுங்காலமாகக் கைகோத்து நடந்திருக்கின்றன.

சதுரங்கம் என்ற சொல்லே நால்வகைப் படையைக் குறிப்பது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளும் கட்டங்களுக்குள் அணிவகுத்து நிற்கும் சிறு போர்க்களம் அது. அறிவு ஒன்றையே துணையாகக் கொண்ட ஆட்டம் என்று இன்று நாம் அதைப் போற்றுகிறோம். ஆயினும், நால்வர் அமர்ந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கமும் நம் நாட்டில் இருந்தது. சுமார் 1030இல் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் நூல் எழுதிய அல்பிரூனி அதனை விவரித்திருக்கிறார். எந்தக் காயை நகர்த்துவது என்பதை அவ்வாட்டத்தில் பகடையில் விழும் எண்ணே முடிவு செய்தது. குதிரையைச் செலுத்த எண்ணியிருப்போம். பகடையோ யானையை நகர்த்து என்று கட்டளையிடும். தான் நினைத்தபடி படை நடவாத தளபதியின் நிலை அது.

இது குழந்தைத்தனம் என்று சிலர் கருதலாம். வாளும் வியூகமும் வெல்லும் இடத்தில் பகடைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அதற்கு விடை தேட, திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே, இன்று குமரி மாவட்டத்தில் உள்ள குளச்சல் கடற்கரைக்குச் செல்ல வேண்டும்.

1741ஆம் ஆண்டு. திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கி, அரண் அமைத்துக் கொண்டது. மன்னரின் படை அவ்வரணை முற்றுகையிட்டது. பீரங்கிகள் முழங்கின. அப்போது மன்னர் தரப்பிலிருந்து வந்த குண்டு ஒன்று அரணுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயின்மேல் விழுந்ததென்றும், மூண்ட தீயில் டச்சுக்காரர் சேமித்திருந்த அரிசி எரிந்து போயிற்றென்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். உணவு போனபின் வீரம் என்ன செய்யும்? அவர்கள் பணிந்தார்கள். சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டிலனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்து, தளபதியாக உயர்ந்து, 1777இல் மறைந்தார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் உள்ள அவரது கல்லறையில் இலத்தீன் மொழியோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

முற்றுகையை வகுத்தது அறிவு; பீரங்கியைக் குறிவைத்தது பயிற்சி. ஆனால் குண்டு சரியாக அந்தப் பீப்பாயைத் தேடிச் சென்றதே, அதனை எந்த வியூகத்தில் சேர்ப்பது? நம் முன்னோர் அதற்கு ஊழ் என்று பெயரிட்டனர். ஆட்டம் வகுத்தவர்கள் அதற்குப் பகடையில் ஓர் இடம் ஒதுக்கினர். தளபதி அறிய முடியாததற்கு அளிக்கப்பட்ட இடமே போர் விளையாட்டின் பகடை.

இவ்வுண்மையை மேல்நாட்டாரும் உணர்ந்தனர். 1824இல் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளைப் படைகளாக வைத்து ஆடும் போர்ப் பயிற்சி ஆட்டத்துக்கு விதிகள் வெளியிட்டார். துப்பாக்கிச் சூட்டின் விளைவைப் பகடை சொல்லிற்று. பிற்காலத்தில் அத்தகைய ஆட்டம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் தங்கியிருந்தபோது, மாடித் தரையில் சுண்ணக்கட்டியால் நாடுகளை வரைந்து, வளர்ப்பு மகனோடு ஈயச் சிப்பாய்களைக் கொண்டு போர் ஆடினார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு போர்கள்' என்று பொருள்படும் பெயரில் பொம்மைச் சிப்பாய் ஆட்டத்துக்கு ஒரு விதி நூலே எழுதினார். அவர் நம்பியது பகடையை அன்று. வில்விசையால் சுடும் பொம்மைப் பீரங்கியை. இவ்வாட்டத்தை ஆடிப் பார்த்தவனுக்கு உண்மைப் போர் எத்துணைக் கொடியது என்பது விளங்கும் என்று அந்நூலின் முடிவில் அவர் வாதிட்டார். அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது.

நமக்கு ஈயச் சிப்பாய்கள் வேண்டுவதில்லை. வைகைக் கரையில் கீழடி அகழாய்வில் தந்தப் பகடை கிடைத்திருக்கிறது. நம் இல்லங்களிலோ பித்தளைத் தாயக்கட்டைகள் உண்டு. ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். இரண்டையும் உருட்டினால் பதினாறு வகையில் விழலாம். தாயம் என்னும் ஒன்று அவற்றுள் இரண்டு வகையில் வரும். இரு வெற்றுப் பக்கங்களும் சேர்ந்த பன்னிரண்டோ ஒரே வகையில்தான் வரும். ஆகவேதான் பன்னிரண்டு விழுந்தால் திண்ணையே அதிரக் கூவுகிறோம்!

இக்கட்டைகளைக் கொண்டு குளச்சல் முற்றுகையை நம் கூடத்திலேயே நடத்தலாம். கோலமாவால் ஒரு சதுரம் வரைந்து அதனைக் கோட்டை எனக் கொள்க. உள்ளே நான்கு புளியங்கொட்டைகள், வெளியே நான்கு சோழிகள், இவர்களே வீரர்கள். நவராத்திரிக் கொலுவில் சிப்பாய்ப் பொம்மைகள் இருப்பின் அவற்றையே நிறுத்தலாம். கோட்டைக்குள் இருபத்துநான்கு அரிசி மணிகளை வைக்க வேண்டும். இருவரும் மாறிமாறி உருட்டுவர். சுற்று ஒன்றுக்கு ஓர் அரிசி குறையும். தாயம் விழுந்தால் எதிரியின் வீரன் ஒருவன் வீழ்வான். ஐந்தும் ஆறும் வழக்கம்போல் மறுமுறை உருட்டும் உரிமை தரும். முற்றுகையிடுவோனுக்குப் பன்னிரண்டு விழுந்தால் வெடிமருந்து பற்றிக்கொண்டது. எஞ்சிய அரிசியில் பாதி போயிற்று. கோட்டையானுக்கு அதே எண் விழுந்தால் துணைக்கப்பல் ஆறு அரிசி கொணரும். பிற எண்களுக்குப் பயனில்லை. அரிசி தீர்ந்தால் கோட்டை பணியும். நால்வரையும் இழந்த பக்கம் தோற்கும்.

இவ்விதிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. பிள்ளைகள் மாற்றட்டும், மழை பெய்தால் பீரங்கி சுடாது என்று சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள்: உருட்டுவதற்கு முன் ஒப்புக்கொண்ட விதியை, உருட்டிய பின் மாற்றலாகாது. பாட்டனும் பேரனும் பகடையின் முன் சமமாவது இந்த ஒரு நேர்மையினால்தான்.

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில், குழந்தைகள் பள்ளியில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியும் பேசுகின்றனர். தாயம், வெட்டு, பழம் என்ற சொற்களை அவர்களுக்கு எந்தப் பாடநூல் கற்பிக்கும்? தாயக்கட்டை கற்பிக்கும். அண்டை வீட்டு மலையாளக் குழந்தையையும் ஆட்டத்துக்கு அழையுங்கள். பகிட என்றால் அக்குழந்தைக்கும் புரியும். ஆட்டம் முடிந்தபின், வீழ்ந்த புளியங்கொட்டைகளை எடுத்து மீண்டும் டப்பாவில் இடுவோம் அல்லவா? குளச்சல் மணலில் வீழ்ந்தவர்களை அவ்வாறு எடுத்து வைக்க எவராலும் இயலவில்லை. இந்த வேறுபாட்டையும் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லி வையுங்கள்.