படுத்துக்கொண்டு பறப்பது: ஒரு சிறு வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்திய ஆள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோவில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு நானும் மனைவியும் ஊர் திரும்பிவிட்டோம். விமானத்தில் மனைவி கால் நீட்டிப் படுத்திருக்கும் படத்தை மகள் குடும்பக் குழுவில் போட்டாலும் போட்டாள், கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. துபாயில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், பிசினஸ் கிளாஸ்ல அப்படி என்னதான் சார் இருக்கு?" என்று கேட்டார். தம்பி மகனோ, "பெரியப்பா, அந்தக் காசுக்கு நம்ம ஊர்ல அரை மனை வாங்கலாமே!" என்றான். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். சாப்பாடு, பீங்கான் தட்டு, சூடான துண்டு எல்லாம் உண்டு. ஆனால் அவ்வளவு காசும் உண்மையில் ஒரே ஒரு பொருளுக்குத்தான்: ஒரு படுக்கை. வரலாற்று வாத்தியாருக்கு அது போதாதா? அந்தப் படுக்கை விமானத்துக்குள் எப்படி வந்தது, எப்படிக் காணாமல் போனது, யாருக்காகத் திரும்பி வந்தது என்று பார்ப்போம்.

ஆரம்பத்தில் விமானப் பயணிகள் இரவில் தரையில்தான் தூங்கினார்கள். 1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியது. பயணம் ஏழு நாள். கொஞ்ச தூரம் விமானம், நடுவில் ஐரோப்பாவில் ரயில், பிறகு கடலில் இறங்கும் விமானம், மறுபடியும் தரை விமானம். பொழுது சாய்ந்தால் இறங்கிவிடுவார்கள். 1932-ல் ஷார்ஜாவில் இதற்காகவே கோட்டை மாதிரி ஒரு விடுதி கட்டினார்கள். பாலைவனத்தின் நடுவே பயணிகள் சாப்பிட்டு, தூங்கி, காலையில் கிளம்புவார்கள். இன்று அது 'அல் மஹத்தா' என்ற அருங்காட்சியகம். ஷார்ஜாவில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். அதே 1932 அக்டோபர் 15 அன்றுதான் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்து வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். லண்டன் கடிதத்துக்கும் சென்னைக்கும் இடையே ஆகாய வழி உண்டானது அப்படித்தான்.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். டிசி-3 என்ற புகழ்பெற்ற விமானம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அது பிறந்ததே படுக்கை விமானமாகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 'டக்ளஸ் ஸ்லீப்பர் டிரான்ஸ்போர்ட்' என்ற பெயரில் 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பறந்தது. உள்ளே ரயிலில் இருப்பது போல மேலும் கீழுமாக 14 படுக்கைகள். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரவோடு இரவாகப் போக வேண்டும் என்ற வியாபாரத் தேவைக்காக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கேட்டு வாங்கியது. 1939-ல் பான் ஆம் நிறுவனம் போயிங் 314 என்ற பறக்கும் படகுகளில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பயணிகளை ஏற்றியது. அதிலும் படுக்கை உண்டு, தனிச் சாப்பாட்டு அறை உண்டு. ஒரு வழிக் கட்டணம் 375 டாலர். அந்தக் காலத்து 375 டாலர் என்பதை மறந்துவிடாதீர்கள். சாமானிய அமெரிக்கன் அதை வேடிக்கைதான் பார்த்திருப்பான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த விமானங்களில் முன்பக்கம், பின்பக்கம் என்ற பேச்சே இல்லை. ஏறியவர்கள் எல்லோருமே வசதியானவர்கள். ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவில் இருந்த திரை விமானத்துக்குள் இல்லை. விமான நிலையத்தின் வாசலிலேயே இருந்தது.

அந்த வாசலைத் திறந்த ஆண்டு 1952. மே 1 முதல் வட அட்லாண்டிக் தடத்தில் 'டூரிஸ்ட் கிளாஸ்' வந்தது. 1958-ல் அதைவிட மலிவாக 'எக்கானமி' வந்தது. அதே 1958 அக்டோபரில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஜெட் விமானம் ஓடத் தொடங்கியது. வேகம் கூடியதும் பயண நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏழெட்டு மணி நேரம்தானே, உட்கார்ந்தே போகலாமே என்று கணக்குப் போட்டார்கள். ஒரு படுக்கை பிடிக்கும் இடத்தில் பல பேரை உட்கார வைக்கலாம். இப்படித்தான் படுக்கைகள் மெல்ல மறைந்தன. படுக்கையை இழந்தோம், பதிலுக்கு ஆயிரக்கணக்கானோருக்கு ஆகாயம் கிடைத்தது. நல்ல பேரம்தான் என்பேன். 1970 ஜனவரியில் ஜம்போ ஜெட் எனப்படும் போயிங் 747 வந்தபோது, ஒரே விமானத்தில் முந்நூறு பேருக்கு மேல் பறக்க முடிந்தது.

அவ்வளவு இருக்கைகளை நிரப்புவது எப்படி? 1973-ல் எண்ணெய் விலை ஏறியது. விமான நிறுவனங்கள் சலுகைக் கட்டணங்களை விதவிதமாக அறிவித்தன. 1977-ல் ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் 'ஸ்கைட்ரெயின்' என்ற பெயரில் லண்டன்–நியூயார்க் பயணத்தை மிக மலிவாக்கினார். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. கம்பெனி வேலையாக நேற்று டிக்கெட் எடுத்து முழுக் கட்டணம் கட்டியவரும், மூன்று மாதம் முன்பே சலுகையில் வாங்கிய சுற்றுலாப் பயணியும் அடுத்தடுத்த இருக்கையில். ஒரே சாப்பாடு, ஒரே நெரிசல். முழுக் கட்டணக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அந்த முணுமுணுப்பின் பிள்ளைதான் பிசினஸ் கிளாஸ். 1976-ல் நெதர்லாந்தின் கேஎல்எம் முழுக் கட்டணக்காரர்களைத் தனியே உட்கார வைத்தது. 1978-ல் பான் ஆம் 'கிளிப்பர் கிளாஸ்' என்றது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 'பிசினஸ் கிளாஸ்' என்றே பெயர் வைத்துத் தொடங்கியது. தொடக்கத்தில் அது பெரிய சொகுசெல்லாம் இல்லை. கொஞ்சம் முன்னால் இடம், கொஞ்சம் நல்ல உபசரிப்பு, நடுவில் ஒரு திரை. அவ்வளவே.

படுக்கை திரும்பி வந்தது மிகவும் பிந்தி. 1990-களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் முழுதாக விரியும் படுக்கையை வைத்தது. 2000-ல் அதையே பிசினஸ் வகுப்புக்கும் கொண்டுவந்தது. இடத்தை மிச்சப்படுத்த ஒருவர் முன்னோக்கியும் பக்கத்தில் இருப்பவர் பின்னோக்கியும் படுக்கும்படி அமைத்தார்கள். மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள்? கணக்கு எளிது. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் சர்வதேசப் பயணிகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான் முன்வரிசை வகுப்புகளில் போனார்கள். ஆனால் கட்டண வருவாயில் சுமார் 30 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது என்கிறது விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா. அதாவது முன்னால் படுத்திருப்பவர் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் டிக்கெட் விலையைக் கொஞ்சம் தாங்குகிறார். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு படுக்கைக்கான இடத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால், பிசினஸ் பயணி ஒருவர் வெளியிடும் கரியமிலம் எக்கானமி பயணியினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2013-ல் உலக வங்கி ஆய்வு ஒன்று சொன்னது. வரவு, செலவு இரண்டையும் எழுதினால்தானே அது கணக்கு?

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். மகள் சேர்த்து வைத்திருந்த மைல் புள்ளிகளில் ஒரே ஒரு இருக்கையைத்தான் மேல்வகுப்புக்கு மாற்ற முடிந்தது. மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை ஆனது உங்களுக்குத் தெரியும். அதனால் அவள் முன்னால், நான் பின்னால். டெல்லியிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பி, பதினைந்து மணி நேரத்துக்கும் அதிகமான பயணம். நாற்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரே வண்டியில் போய்க்கொண்டே தனித்தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. நடுராத்திரியில் எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். பணிப்பெண் மரியாதையாகத்தான் தடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் அவளை அழைத்து வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"காலை நல்லா நீட்டிப் படுத்தேங்க. வலியே இல்லை. ஆனா நீங்க அங்க மடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களேன்னு தூக்கம்தான் வரமாட்டேங்குது" என்றாள்.

திரும்பி வரும்போதும் அதே ஏற்பாடுதான். ஆனால் பாதி வழியில் அவளே எழுந்து என் இருக்கைக்கு வந்துவிட்டாள். "டாக்டர் மணிக்கொரு தடவை நடக்கச் சொல்லியிருக்கார். நான் இங்க நடந்துக்கிட்டு இருக்கேன். நீங்க போய்க் கொஞ்சம் படுங்க" என்று பிடிவாதம். தலைமைப் பணியாளரும் சம்மதித்தார். மூன்று மணி நேரம் படுத்தேன். மாணவர் கேட்ட கேள்விக்கு என் சொந்த பதில் இதுதான்: எழுபத்து மூன்று வயது முதுகுக்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய வரம். சாப்பாட்டை மறந்துவிட்டேன், முதுகு மறக்கவில்லை.

உட்கார்ந்தே தூங்குவது வெறும் அசௌகரியம் மட்டுமில்லை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1940-ல் லண்டனில் குண்டு மழை. மக்கள் இரவெல்லாம் பதுங்கு இடங்களில் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தே கிடந்தார்கள். அப்போது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறப்பவர்கள் திடீரென்று கூடியதைக் கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் கவனித்து 'லான்செட்' இதழில் எழுதினார். கால் தொங்கியபடி அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறைகிறது, அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகிறது. பிறகு பதுங்கு இடங்களில் அடுக்குக் கட்டில்கள் போட்டார்கள். விமானத்திலும் இதே ஆபத்துதான். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பயப்பட வேண்டாம்; அப்போதும் சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும். கார், பஸ், ரயில் எதில் அசையாமல் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுங்கள்: படுக்கை வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை, நடைபாதை ஓரத்து இருக்கையாவது போடுங்கள். ஜன்னலோரத்தில் சிக்கிய அம்மா, பக்கத்து ஆளை எழுப்பக் கூச்சப்பட்டு பதினைந்து மணி நேரம் எழுந்திருக்கவே மாட்டாள்.

தம்பி மகன் கேட்ட அரை மனைக் கேள்விக்கு வருகிறேன். திரை ஒன்றும் புதிதில்லை, தம்பி. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. மேலே சிலருக்கு அறைகள். கீழே தளத்தில் நம் சனங்கள், சொந்தப் பாயை விரித்து, ஒரு வாரம். ரயிலில் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல்தான் ஒழிந்தது. பெயர் போனாலும் மரப்பலகை போகவில்லை. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் பலகைகளுக்கு இரண்டு அங்குல ஃபோம் மெத்தை போட ஏற்பாடு செய்தார். இன்று நீங்கள் ஸ்லீப்பர் கோச்சில் முதுகு வலிக்காமல் ஊருக்கு வருவது அவர் புண்ணியம். காலத்தைக் கவனித்தீர்களா? உலகின் விமான நிறுவனங்கள் முழுக் கட்டணக்காரருக்குத் திரை போட்ட அதே ஆண்டுகளில்தான், இங்கே ஒருவர் பலகையில் படுப்பவனின் முதுகைப் பற்றி யோசித்தார். யாருடைய மெத்தையையும் அவர் பிடுங்கவில்லை. இல்லாதவனுக்கு இரண்டு அங்குலம் கொடுத்தார்.

ஆகாயத்திலும் அப்படி ஒரு முயற்சி தொடங்கியிருக்கிறது. ஏர் நியூசிலாந்து 2010-ல் மூன்று எக்கானமி இருக்கைகளைச் சேர்த்துப் படுக்கையாக்கும் ஏற்பாட்டை அறிவித்தது. பின்னர் எக்கானமி பயணிகளும் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்துத் தூங்க, ஆறு அடுக்குப் படுக்கைகளைத் தன் நீண்ட தூர விமானங்களில் வைக்கும் திட்டத்தையும் அறிவித்தது. நம் ரயில் பெட்டியின் அடுக்குதான் அது! 1935-ல் டக்ளஸ் விமானத்தில் இருந்த அதே அடுக்கும்கூட.

பிசினஸ் கிளாஸில் போவது தப்பா என்று கேட்டால், இல்லை என்பேன். உழைத்துச் சம்பாதித்த காசில் அம்மாவைப் படுக்க வைத்து அழைத்துப் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளும் அதைத்தான் செய்தாள். ஆனால் அது ஒரு சாதனை என்று நினைத்துவிடாதீர்கள். களைத்த மனிதன் இரவில் முதுகைச் சாய்க்க விரும்புவது சொகுசில்லை, உடம்பின் தேவை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் யாருடைய தாத்தா, பாட்டியாவது ரஜூலாவில் போய் வந்திருந்தால், அவர்கள் சொன்னதைக் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எங்கே படுத்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எத்தனை நாள் ஆனது என்று கேட்டு எழுதுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். மதிப்பெண் உண்டு.