கதவுக்குள் விழுந்த கண்ணாடி

மகிழுந்தின் சன்னல் கண்ணாடி கதவினுள் விழுந்துவிட்டால் கைப்பிடியையோ விசையையோதான் நொந்துகொள்கிறோம். குற்றம் பெரும்பாலும் அவற்றினுடையதன்று.

தொடக்கக்கால மகிழுந்துகளில் மழைக்குத் துணித்திரைதான். பின்னர், இரயில் பெட்டிகளைப் போலத் தோல்வாரைப் பிடித்துக் கண்ணாடியை ஏற்றி இறக்கினர். அடுத்துச் சுழற்றும் கைப்பிடி வந்தது. 1940-இல் அமெரிக்காவின் பேக்கார்ட் 180 விசையால் இயங்கும் சன்னலைக் கொணர்ந்தது. 1959-இல் வெளிவந்த பிரிட்டனின் மினியோ, பக்கவாட்டில் நகரும் கண்ணாடியைப் பொருத்தியது. கதவின் உட்பகுதி பொருள் வைக்கும் பையாயிற்று. கண்ணாடி விழ வழியே இல்லை! எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுவே.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு சூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. அதன் எளிய வகையில் கைப்பிடிச் சன்னலே இருந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. தீவுக்கு வருவோர் பிறையில் சன்னலை இறக்கிச் சுங்கம் செலுத்தினர். இறக்கிய கண்ணாடி ஏற மறுத்தால், 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மழை நேரே மடியில்தான்!

கைப்பிடிச் சன்னலில், கண்ணாடியின் அடிவிளிம்பு இரப்பர் பதித்த உலோகப் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். பற்சக்கரத்தோடு இணைந்த இரும்புக் கை அதனைத் தூக்கும். இரப்பர் இறுகிச் சுருங்கினால் கண்ணாடி நழுவும். கைப்பிடி சுழலும், கை உயரும், கண்ணாடி மட்டும் கீழேயே கிடக்கும். உள்பலகையைக் கழற்றிப் புது இரப்பர் வைத்தால் போதும். விசைச் சன்னல்கள் பலவற்றில் இப்பணியைச் சிறு நெகிழிப் பொருத்தி செய்கின்றது. அது உடைந்தால் முழுத் தொகுதியையும் மாற்றும் பட்டறைகள் உண்டு. உடைந்தது எதுவெனக் காட்டும்படி ஃபோர்மனிடம் கேளுங்கள். அதுவரை கண்ணாடியை மேலேற்றிச் சட்டத்தோடு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். பின்னிருக்கைப் பிள்ளைகளை விசையைத் தொடவிடாதீர்கள்.