அழிப்புக் குறியும் தொலையச்சுப் பொறியும்

லினக்ஸ் கணினியின் கட்டளை வரியில் எஸ்.ரி.ரி.வை. என்னுங் கட்டளையை இடுவோர் முனையத்தின் இயல்புகளைத் தாம் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். ஓர் அமைப்பின் பெயரை எழுதின் அது செயற்படும். முன்னே கழித்தற் குறியை இடின் ஓய்ந்துவிடும். எளிய ஏற்பாடே. ஆயின் அவ்வமைப்புகளின் பட்டியலை ஊன்றி நோக்கின், வழக்கொழிந்த ஒரு பொறியின் உருவம் அதனுள் தென்படும்.

அப்பொறி 1963இல் வெளிவந்த ரெலிரைப் 33 ஆகும். செக்கனுக்குப் பத்து எழுத்துக்களைத் தாளிற் பொறித்த அது, ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்களை மாத்திரமே அறிந்திருந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் முறைமையை ஆக்கத் தொடங்கியபோது இத்தகைய பொறிகளின் வாயிலாகவே கணினியுடன் உரையாடினர். பொறியின் அச்சுத்தலை இடக்கோடிக்கு மீளும்வரை கணினி காத்திருக்கவேண்டியிருந்தது. அக்காத்திருப்பின் அளவும் ஓர் அமைப்பாயிற்று. இன்றும் அது பட்டியலில் உண்டு, காத்திருப்பதற்குப் பொறிதான் இல்லை!

தாளிற் பதிந்த எழுத்தை அழித்தல் இயலாது. ஆதலின் தவறிழைத்தவர் '#' குறியை அடிப்பார். முன்னைய எழுத்து நீங்கியதாகக் கணினி கொள்ளும். '@' அடிப்பின் முழு வரியும் நீங்கும். தாளில் பிழையும் குறியும் அருகருகே நிற்கும். வாசிப்பவரே மனத்தால் அழித்துக்கொள்ளவேண்டும். சீ மொழி நிரல்களில் '#' இன்றியமையாததாகவே, அதனை எழுதுதற்கு முன்னே ஒரு சாய்கோடு இடும் இடர்ப்பாடும் நேர்ந்தது. திரை முனையங்கள் பரவியபின், பயனர் அழிப்புக் குறியைத் தமக்கேற்ற சாவிக்கு மாற்றுதற்கு இக்கட்டளையே உதவிற்று.

ஆயினும் ஓர் எழுத்து ஒரு பைற்று என்னும் எடுகோள் மாறவில்லை. தமிழ் இங்குதான் இடறுகின்றது. 1992இல் தொம்சனும் றொப் பைக்கும் வகுத்த யு.ரி.எவ்.-8 முறையில் 'க' மூன்று பைற்றுக்களாகும். பழைய அமைப்பில் அழிப்புச் சாவியை ஒருமுறை அழுத்தின் ஒரு பைற்று மாத்திரம் நீங்கி, எழுத்துச் சிதையும். 2004இல் லினக்ஸில் ஐ.யு.ரி.எவ்.8 என்னும் அமைப்பு சேர்க்கப்பட்டு இக்குறை தீர்ந்தது, முற்றாக அன்று. 'கி' என்பதில் மெய்யும் உயிரும் சேர்ந்த ஓரெழுத்தை நாம் காண்கின்றோம். யுனிகோட் அதனை ககரம், விசிறி என இரு குறிகளாகவே எண்ணுகின்றது. ஆகவே ஒருமுறை அழித்தால் விசிறி மாத்திரம் மறைந்து ககரம் எஞ்சும்.